அலமாரியைப் பொருத்த 3.6 வோல்ட் ஸ்க்ரூடிரைவர் போதுமா?

பலகை பலகையாகப் பெட்டியில் வரும் அலமாரியை, கூடவே வரும் ஆலன் கீயை (ஸ்க்ரூ முறுக்கும் L வடிவ அறுகோணக் கம்பி) மட்டும் நம்பிப் பொருத்தியிருக்கிறீர்களா? இரண்டாவது டிராயர் முடிவதற்குள் உள்ளங்கையில் கொப்புளம் எழும்பிவிடும். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம்தான் பேட்டரியில் ஓடும் கார்ட்லெஸ் ஸ்க்ரூடிரைவர் வாங்கினேன். இப்போது இருப்பது இரண்டாவது. முதலாவதைப் பற்றித்தான் முதலில் புலம்ப வேண்டும்.

அதில் கிளட்ச், அதாவது ஸ்க்ரூ இறுகியதும் மேலும் முறுக்காமல் விட்டுவிடும் அமைப்பு, இல்லை. ஸ்க்ரூ இறுகிய பிறகும் மோட்டார் நிற்காமல் சுற்றியதில், பார்ட்டிகிள் போர்டுக்குள் மரை பிடிக்க வேண்டிய இடமெல்லாம் மாவாக உதிர்ந்து, கீல் தொங்கிவிட்டது. பல் குத்தும் குச்சிகளை மரப்பசையில் தோய்த்து ஓட்டையில் திணித்து, காய்ந்ததும் மறுபடி பூட்டி ஒப்பேற்றினேன். இந்த மாதிரிப் பலகை மரத்தூளையும் பசையையும் சேர்த்து அழுத்திச் செய்தது, உண்மையான மரம் போல மன்னிக்காது. அதனால் கடையில் "எவ்வளவு பவர்?" என்று கேட்பதை விட்டுவிட்டு, எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளும் என்று கேளுங்கள். முனைக்குப் பின்னால் எண்கள் போட்ட வளையம் இருந்தால் அதுதான் கிளட்ச். குறைந்த எண்ணில் தொடங்கி, ஸ்க்ரூ பாதியிலேயே நின்றால் ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும்.

இப்போது கையில் இருப்பது 3.6 வோல்ட், பெட்டியில் போட்டிருக்கும் முறுக்கு விசை 4 நியூட்டன் மீட்டர், நிமிடத்துக்கு 200 சுற்று. கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் அலமாரி, கட்டில், கதவுக் கைப்பிடி, சுவிட்ச் பலகை மூடி எல்லாவற்றுக்கும் போதும். கெட்டியான மரத்தில் நீள ஸ்க்ரூ என்றால் முதலில் சின்னதாக ஓட்டை போட்டுக்கொள்ளாமல் இறங்காது, திணறி நின்றுவிடுகிறது. கான்கிரீட் சுவரில் துளை போட நினைத்தால் இதைக் கையிலேயே எடுக்க வேண்டாம், அதற்கு ஹேமர் டிரில்தான்.

பெரிதாக யாரும் பேசாத ஒரு விஷயம் ஸ்பிண்டில் லாக். மோட்டாரை நிறுத்திவிட்டு, சாதா ஸ்க்ரூடிரைவர் மாதிரி கையாலேயே கடைசிக் கால் சுற்றை முறுக்கலாம். அலமாரியின் கேம் லாக்கை (பலகைகளை இணைக்கும் வட்டமான பிடிப்பான்) நான் எப்போதும் அப்படித்தான் முடிக்கிறேன்.

பேட்டரி லித்தியம் அயான், மாதக்கணக்கில் டிராயரில் கிடந்தாலும் எடுத்தவுடன் ஓடுகிறது, போன் சார்ஜரே போதும். ஆனால் உள்ளேயே பொருத்திய பேட்டரி, அது தேய்ந்தால் மொத்தக் கருவியும் குப்பைதான். கழற்றி மாற்றும் பேட்டரி வேண்டுமென்றால் 12 வோல்ட் டிரில் டிரைவர் பக்கம் போக வேண்டும். கனம் கூடும், அலமாரியின் உள் மூலையில் தலை நுழையாது.

கூட வந்த பிட்டுகள் (முனையில் மாற்றி மாற்றிச் செருகும் துண்டுகள்) சுமார்தான். ஸ்க்ரூ தலையில் பெரிய கூட்டல் குறிக்கு நடுவே மெல்லிய கோடுகள் தெரிந்தால் அது போஸிடிரைவ். அதில் சாதாரணக் கூட்டல் குறிக்கான பிலிப்ஸ் பிட்டைப் போட்டால் வழுக்கித் தலையைத் தேய்த்துவிடும். நல்ல PZ2 (போஸிடிரைவ் 2ஆம் அளவு) பிட் ஒன்றையும், ஆலன் கீக்குப் பதிலாக 4 மில்லிமீட்டர் அறுகோண பிட் ஒன்றையும் தனியாக வாங்கினேன், நீளமானதாக. குட்டை பிட் போட்டால் கருவியின் தலை பலகையில் இடித்துக் கீறிவிடுகிறது, என் அலமாரியின் உள்பக்கம் அதற்குச் சாட்சி.