எல்லோரும் தேறிவிடும் தேர்வு: ஒரு பணியிடப் பயிற்சித் தொகுப்பின் மதிப்புரை

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்பு, தீப் பாதுகாப்பு, தகவல் பாதுகாப்பு ஆகிய மூன்று பாடங்கள் அடங்கிய இணையவழிப் பயிற்சித் தொகுப்பு ஒன்றை எங்கள் நிறுவனம் ஆண்டுச் சந்தா கட்டி வாங்கியிருக்கிறது. வழங்குநரின் பெயரை நான் குறிப்பிடவில்லை. இங்கே சொல்லப்போகும் குறை அவர்களுக்கு மட்டுமே உரியதன்று, இத்தகைய தொகுப்பை வாங்க நினைக்கும் மனிதவளத் துறையினர் பலரும் எதிர்கொள்ளக்கூடியது. என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காணொளிகள் நன்றாக இருக்கின்றன. அவற்றின் இறுதியில் வரும் தேர்வு மிக மோசமாக இருக்கிறது. அதனால் காணொளிகளுக்காகச் செய்த உழைப்பும் பெருமளவு வீணாகிறது.

நல்லதை நிறைவாகவே சொல்ல வேண்டும். தமிழ் ஒலிப்பதிவு தெளிவானது, அவசரமில்லாதது. 1992-இல் ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற அரசுத் திட்டப் பணியாளரான பன்வாரி தேவிக்கு நேர்ந்த கொடுமையிலிருந்து தொடங்கி, பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க நெறிமுறைகளை வகுத்து 1997-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய விசாகா தீர்ப்பு வழியாக 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வரையிலான வரலாற்றைச் சுருக்கமாகவும் மரியாதையோடும் எடுத்துச் சொல்கிறார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்கள், பயிற்சிப் பணியாளர்கள், தினக்கூலிகள் எல்லோருமே அந்தச் சட்டத்தின் பார்வையில் ஊழியர்கள்தாம் என்பதை அழுத்தமாகச் சொல்கிறார்கள். எங்கள் கேண்டீனில் வேலை செய்யும் பெண்கள் முதன்முறையாகக் கேட்ட செய்தி அது. இவ்வளவு பொறுப்போடு காணொளியை ஆக்கியவர்கள் தேர்வை ஏன் இப்படி அமைத்தார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

தேர்வில் வரும் ஒரு வினாவை அப்படியே தருகிறேன். "உங்களுடன் பணிபுரியும் பெண் ஒருவர், மேலாளர் தன்னிடம் தகாத முறையில் நடந்துகொண்டதாக உங்களிடம் கூறுகிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்?" விடைகள்: (அ) சிரித்துவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். (ஆ) அலுவலக வாட்ஸ்அப் குழுவில் பகிர்வேன். (இ) மேலாளரைப் பாராட்டுவேன். (ஈ) அவர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு, உள்ளகக் குழுவை அணுகலாம் என்று எடுத்துக்கூறி, அவர் பகிர்ந்த விவரங்களை ரகசியமாக வைத்திருப்பேன்.

உள்ளகக் குழு என்பது இத்தகைய புகார்களை விசாரிக்க நிறுவனத்துக்குள்ளேயே சட்டப்படி அமைக்கப்படும் குழு. இந்தச் சட்டத்தைப் பற்றி ஒரு சொல்கூடக் கேட்டறியாத ஒருவர் இவ்வினாவுக்குத் தவறான விடையளிக்க வாய்ப்பே இல்லை. முதல் மூன்று விடைகளையும் மனிதர் எவரும் தேர்ந்தெடுக்க மாட்டார். நான்காவது விடை மற்றவற்றைப் போல மும்மடங்கு நீளம். தேர்வு முழுவதும் இதே கதைதான். நீளமான விடை சரி. "மேற்கண்ட அனைத்தும்" என்று இருந்தால் அதுவும் சரி. தேர்ச்சிக்கு 80 விழுக்காடு வேண்டும் என்கிறார்கள், ஆனால் எத்தனை முறை வேண்டுமானாலும் மீண்டும் எழுதலாம். எங்கள் அலுவலகத்தில் ஒருவர்கூடத் தோற்கவில்லை.

இதைச் சிறு குறையென்று ஒதுக்க என்னால் முடியாததற்குக் காரணம் உண்டு. துன்புறுத்தலைக் கண்டு சிரிப்பது, மேலாளரைப் பாராட்டுவது போன்றவற்றை விடைகளாக வைப்பதால், அப்படிப்பட்ட நிலைக்கு ஆளான ஒரு பெண்ணும் இதே திரையில் இதே வரிகளை வாசிக்க நேர்கிறது. தான் பட்ட துன்பத்தை நிறுவனம் எந்த அளவுக்குப் பொருட்படுத்துகிறது என்பதை அவர் அங்கேயே முடிவுசெய்துவிடுவார். அப்படி முடிவுசெய்தவர் பிறகு உள்ளகக் குழுவின் கதவைத் தட்டுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அபத்தத்தின் மறுமுனையும் இதே தேர்வில் உண்டு. "இச்சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் எந்த நாளில் ஒப்புதல் அளித்தார்?" என்று ஒரு வினா. 2013 ஏப்ரல் 22 என்பது விடை. இதைத் தெரிந்துகொண்டு ஒரு ஊழியர் என்ன செய்வார்? சம்பவம் நடந்த மூன்று மாதங்களுக்குள் எழுத்து மூலம் புகார் தர வேண்டும், தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம், எழுத இயலாதவருக்கு எழுதித் தர உதவுவது குழுவின் கடமை, விசாரணை 90 நாட்களுக்குள் முடிய வேண்டும் என்பவை தெரியாமல்தான் பெண்கள் தயங்கித் தயங்கிக் காலத்தைக் கடத்திவிடுகிறார்கள். அவற்றைப் பற்றி ஒரு வினாவும் இல்லை.

தரப்பட்ட விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நல்ல கொள்குறி வினா எழுதுவது இயலாத காரியமன்று. இரவுப் பணி முடிந்து, நிறுவனம் ஏற்பாடு செய்த வண்டியில் வீடு திரும்பும்போது உடன் வரும் சக ஊழியர் ஒருவர் அத்துமீறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அலுவலகத்துக்கு வெளியே நடந்ததால் காவல் நிலையத்துக்கு மட்டுமே போக முடியுமா, வண்டி ஒப்பந்ததாரருடையது என்பதால் அவரிடம்தான் முறையிட வேண்டுமா, அல்லது உள்ளகக் குழுவிடமே புகார் தரலாமா? மூன்றும் நம்பும்படியான விடைகள். முதல் இரண்டையும் படித்தவர்களே உறுதியாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். நிறுவனம் தரும் போக்குவரத்தும் சட்டப்படி பணியிடமே என்பதால் மூன்றாவதுதான் சரி. இப்படி ஒரு வினாவில் தவறிழைக்கும் ஊழியர், அந்தத் தவறின் மூலமே கற்றுக்கொள்வார். நான்கு விடைகள் வேண்டும் என்ற கட்டாயத்துக்காகத்தான் அபத்தமான விடைகளைச் சேர்க்கிறார்கள் என்றால், அந்தக் கட்டாயமே தேவையற்றது. கல்வி மதிப்பீட்டு ஆய்வாளர் மைக்கேல் ரோட்ரிகெஸ் 80 ஆண்டுக் கால ஆய்வுகளைத் தொகுத்து 2005-இல் வெளியிட்ட கட்டுரை, ஒரு வினாவுக்கு மூன்று விடைகளே போதும் என்று காட்டியிருக்கிறது.

இன்னொன்றும் கேட்கப்பட்டிருக்க வேண்டும். புகாரை நிரூபிக்க முடியாமல் போனால் தன்மீதே நடவடிக்கை வருமோ என்ற அச்சம் பெண்களை வாய்திறக்க விடாமல் செய்வதை எங்கள் அலுவலகத்திலேயே காண்கிறேன். நிரூபிக்க இயலாமை மட்டுமே புகார் தந்தவர்மீது நடவடிக்கை எடுக்கக் காரணமாகாது என்று சட்டத்தின் 14-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. அதே போல, "பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று நெருக்கும் மேலதிகாரிகளும் உண்டு. சமரசம் என்பது பாதிக்கப்பட்டவர் தாமாகக் கேட்டால் மட்டுமே, அதுவும் பணத்தை அடிப்படையாகக் கொள்ளாமல்தான் நடக்கலாம். ஊழியர்கள் ஒருவருக்கொருவர் தவறாகச் சொல்லிக்கொண்டிருப்பவை இவைதாம். ஒரு தேர்வு திருத்த வேண்டியதும் இவற்றைத்தான்.

தீப் பாதுகாப்புப் பாடத்தின் தேர்வும் இப்படித்தான். தீப்பிடித்தால் செல்ஃபி எடுப்பீர்களா, லிஃப்டில் ஏறுவீர்களா, அமைதியாக அவசர வழியில் வெளியேறுவீர்களா என்று கேட்கிறார்கள். எங்கள் யுபிஎஸ் அறைக்கு வெளியே மாட்டியிருப்பது கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான். கருப்பு நிற அகன்ற கூம்பைக் கொண்டு அதை அடையாளம் காணலாம். அதில் அழுத்தமானி இருக்காது. எனவே முள் பச்சையில் இருக்கிறதா என்று பார்த்துப் பழகியவர் அதைப் பழுதென்று எண்ணி விட்டுவிடக்கூடும். பயன்படுத்தும்போது கூம்பு கடுமையாகக் குளிர்ந்துவிடும் என்பதால் அதை வெறுங்கையால் பற்றுபவருக்குத் தோல் புண்ணாகலாம். மின்தீயின்மீது தண்ணீரை ஊற்றக் கூடாது என்பதையாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

தகவல் பாதுகாப்பில், முன்பின் தெரியாதவர் கடவுச்சொல்லைக் கேட்டால் கொடுப்பீர்களா என்று ஒரு வினா. ஏமாற்றுபவர்கள் அப்படி நேராக வந்து கேட்பதில்லை. வழக்கமாகச் சரக்கு அனுப்பும் நிறுவனத்தின் பெயரில், "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தக் கணக்குக்குப் பணம் அனுப்புங்கள்" என்று கணக்குப் பிரிவுக்கு மின்னஞ்சல் வரும்; முகவரியில் எம் என்ற ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஆர், என் என்ற இரண்டு எழுத்துகள் ஒட்டி நிற்கும். அத்தகைய மின்னஞ்சலைப் படமாகக் காட்டி, அடுத்து என்ன செய்வீர்கள் என்று கேட்டால் அது தேர்வு. பணம் போய்விட்டால் உடனே அழைக்க வேண்டிய உதவி எண் 1930 என்பதும் இத்தேர்வில் எங்கும் இடம்பெறவில்லை.

இவற்றுக்கெல்லாம் மேலாக என்னை வருத்துவது வேறொன்று. காணொளி தமிழில் இருந்தும் தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கிறது. ஆகவே துப்புரவுப் பணியாளர்களுக்கும் காவலாளிகளுக்கும் மேற்பார்வையாளர் பக்கத்தில் உட்கார்ந்து எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறார். துன்புறுத்தலைப் பற்றிய தேர்வை, ஒரு பெண் தன் மேற்பார்வையாளரின் கண்முன், அவர் சொல்லச் சொல்ல எழுதி முடிப்பதைப் பயிற்சி என்று எப்படி ஏற்பது?

நிலைமை இப்படி ஆனதற்கு வழங்குநரை மட்டும் குறைகூற மாட்டேன். உள்ளகக் குழுவின் ஆண்டறிக்கையில், அவ்வாண்டு எத்தனை விழிப்புணர்வுப் பயிற்சிகள் நடந்தன என்ற எண்ணிக்கையைக் குறிப்பிட வேண்டும். சட்டக் கடமைகளில் தவறும் நிறுவனத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. எண்ணிக்கையே கேட்கப்படுவதால் எண்ணிக்கையே விற்கப்படுகிறது. எல்லோரும் தேறிவிட்டார்கள் என்று காட்டும் அறிக்கைதான் இந்தத் தொகுப்பின் விலையில் நாம் உண்மையில் வாங்குவது.

இந்தத் தொகுப்பை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வினாக்களை நீங்களே மாற்றிக்கொள்ள வழங்குநர் அனுமதித்தால், காணொளிகளுக்காக வாங்கலாம்; அனுமதிக்காவிட்டால் வேண்டாம். பணம் கட்டுவதற்கு முன் முழு வினாத்தொகுப்பையும் தமிழில் கேட்டு வாங்குங்கள். பிறகு, பாடத்தை ஒரு நிமிடம்கூடப் பார்க்காத ஊழியர்கள் சிலரிடம் தேர்வை மட்டும் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். அவர்கள் தேறிவிட்டால் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதீர்கள். இந்தச் சோதனையின் முடிவை இணைத்து, சந்தாவைப் புதுப்பிக்கக் கூடாது என்று எங்கள் நிர்வாகத்துக்கு நானும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.