குன்சைட்: பதக்கத்துக்குச் சரி, மோதிரத்துக்கு வேண்டாம்

ரோஜா நிறத்தில் லேசாகக் கத்தரிப்பூச் சாயல் ஓடும் பெரிய கல், பிங்க் சஃபையர் விலையில் சிறு பங்குக்கே கிடைக்கிறது என்றால் அது பெரும்பாலும் குன்சைட். 1902-ல் கலிஃபோர்னியாவின் பாலா பகுதியில் கிடைத்தது. டிஃபனி நிறுவனத்தின் ரத்தின வல்லுநர் ஜார்ஜ் குன்ஸ் பெயரையே இதற்கு வைத்தார்கள். இன்று ஆப்கானிஸ்தானின் நூரிஸ்தானிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் நிறைய வருகிறது. கனிமத்தின் பெயர் ஸ்போடுமீன். செல்போன் பேட்டரிக்கு லித்தியம் எடுக்கும் அதே தாது. நிறத்துக்குக் காரணம் மாங்கனீசு.

இதன் அழகு ஒரு திசையில்தான் முழுதாகத் தெரியும். படிகத்தை நீளவாக்கில் பார்த்தால் அடர்த்தியான நிறம், பக்கவாட்டில் பார்த்தால் வெளிறிவிடும். அதனால் நல்ல பட்டை தீட்டுபவர் மேல்முகத்தை அந்தத் திசைக்கு நேராக வைத்து, கல்லை ஆழமாக வெட்டுவார். ஐந்து காரட்டுக்குக் கீழே வெறும் தண்ணீர் நிறமாகவே நிற்கும் கற்கள் அதிகம். எடை கூடினால்தான் நிறம் எழும். மேலிருந்து பார்க்கும்போது நடுப்பகுதி கண்ணாடி ஜன்னல்போல் வெறிச்சென்று தெரிந்தால் ஆழம் போதவில்லை என்று அர்த்தம். அதை வாங்காதீர்கள்.

வில்லங்கம் இரண்டு. முதலாவது, பிளவு. கீறலை எவ்வளவு தாங்கும் என்று பத்துக்குச் சொல்லும் மோஸ் கடினம் இதற்கு 6.5 முதல் 7 வரை. வீட்டுத் தூசியில் இருக்கும் மணலே 7. அதைவிட மோசம், கிட்டத்தட்டச் செங்கோணத்தில் இரண்டு பிளவுத் தளங்கள், அதாவது படிகம் எளிதில் பிளக்கும் திசைகள். மேசை விளிம்பில் ஒரு இடி போதும், விறகு பிளந்த மாதிரி நேர்கோட்டில் விட்டுப்போகும். கல் பதிக்கும்போது கொக்கியை அழுத்தி மடக்கினாலும் இதே கதிதான். நகையில் பற்றவைப்பு வேலை என்றால் முதலில் கல்லைக் கழற்றச் சொல்லுங்கள். சூட்டில் நிறமும் போகும், விரிசலும் விழும்.

இரண்டாவது, வெயில். நிறம் வெளிச்சத்தில் மெல்ல மங்கும். கதிர்வீச்சால் நிறம் ஏற்றிய கற்களும் விற்பனையில் உண்டு, பரிசோதனைக்கூடத்தாலும் அதைப் பெரும்பாலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆகவே மாதக்கணக்கில் விளக்குக்கடியில் கண்ணாடிப் பெட்டியில் இருந்த கல்லைவிட உறையிலிருந்து எடுத்துக் காட்டும் கல் மேல். மாலை விசேஷங்களுக்கு அணியலாம். வெயிலில் அலைய இது கல்லல்ல.

போலியைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. கல்லைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். நிறம் கூடிக் குறைய வேண்டும். கண்ணாடியிலும், க்யூபிக் சிர்கோனியா என்ற செயற்கைக் கல்லிலும் அது நடக்காது. சிர்கோனியா அதே அளவில் ஏறக்குறைய இரண்டு மடங்கு கனக்கும். சான்றிதழில் ‘இயற்கை ஸ்போடுமீன், வகை குன்சைட்’ என்றே இருக்க வேண்டும். ‘பிங்க் ஸ்டோன்’ என்று எழுதித் தரும் சீட்டுக்கு மதிப்பில்லை. நவரத்தினத்தில் இது இல்லை, ராசிக்கல் என்று விலை ஏற்றினால் நகர்ந்துவிடுங்கள்.

கழுவ, வெதுவெதுப்பான நீர், இரண்டு சொட்டு சோப்பு, மென்மையான பிரஷ். அல்ட்ராசோனிக் கழுவும் கருவி, நீராவி இரண்டும் கூடாது. வைரம், கெம்பு வைத்த நகைகளோடு ஒரே டப்பாவில் போடாமல் தனித் துணிப்பையில் வையுங்கள்.

தோடுக்கும் பதக்கத்துக்கும் தாராளமாக வாங்கலாம். கல் ஆழமாக இருப்பதால் பதக்கத்தின் பின்பக்கம் சற்றுத் துருத்தும், சங்கிலியில் புரண்டுகொள்கிறதா என்று கழுத்தில் போட்டுப் பார்த்துவிடுங்கள். தினமும் போடும் மோதிரம்தான் வேண்டும் என்றால் மார்கனைட் என்ற ரோஜா நிறக் கல்லை எடுங்கள், கடினம் 7.5 முதல் 8. கையில் காசு தாராளமாக இருந்தால் 9 உள்ள பிங்க் சஃபையர்.