ப்ராசசர் மாற்றியாச்சு, ஃபார்மேட் தேவையா? விண்டோஸ், லினக்ஸ், விர்ச்சுவல் மெஷின்: ஓர் ஒப்பீடு

எச்61 மதர்போர்டு உள்ள பழைய கணினியில் இருந்த பென்டியம் ஜி620-ஐக் கழற்றிவிட்டு, செகண்ட் ஹேண்டில் வாங்கிய கோர் ஐ7-3770-ஐப் பொருத்தினேன். 2 கோர் போய் 4 கோர், 8 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசைகள்) வந்தது. அதைவிட எனக்கு முக்கியமானவை, அந்தப் பென்டியத்தில் இல்லாத ஏவிஎக்ஸ் (ஒரே கட்டளையில் பல எண்களைக் கணக்கிடுவது), ஏஇஎஸ்-என்ஐ (குறியாக்கத்தை வேகமாக்குவது) கட்டளைகள். மோங்கோடிபி என்ற தரவுத்தள மென்பொருள் 5.0 முதல் ஏவிஎக்ஸ் இல்லாமல் ஓடாது. இயந்திரக் கற்றலுக்கான டென்சர்ஃப்ளோவின் ஆயத்தத் தொகுப்புகளும் 1.6-லிருந்து அப்படித்தான்.

"ஃபார்மேட் போட்டாத்தான் விண்டோஸ் புது ப்ராசசரை முழுசா எடுத்துக்கும்" என்றார் தெரிந்த ஒருவர். ஒரு காலத்தில் அது உண்மையாகவும் இருந்தது. விண்டோஸ் எக்ஸ்பி, நிறுவும்போதே ஒரு கோரா பல கோரா என்று பார்த்து அதற்கேற்ற கெர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதி) போடும். பிறகு டூயல் கோர் மாட்டினால் டாஸ்க் மேனேஜரில் ஒற்றைக் கட்டம்தான் தெரியும். இப்போதைய விண்டோஸில் அந்தப் பிரிவே கிடையாது. நம்பிக்கை மட்டும் தங்கிவிட்டது.

ஒப்பிடுவதற்கு முன் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ப்ராசசரின் எல்லாப் புது வசதிக்கும் இயங்குதளத்தின் தயவு தேவையில்லை. ஏஇஎஸ்-என்ஐ, எஸ்எஸ்இ என்ற முந்தைய கட்டளைத் தொகுப்பின் காலத்து 128 பிட் ரெஜிஸ்டர்களையே (ப்ராசசருக்குள் எண்களை வைக்கும் இடங்கள்) பயன்படுத்துகிறது. அவற்றைப் பாதுகாக்க இயங்குதளத்துக்கு ஏற்கெனவே தெரியும். ஆகவே மென்பொருள் நேராகச் சிப்பைக் கேட்டு அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஏவிஎக்ஸ் அப்படியல்ல. அது ரெஜிஸ்டர்களை 256 பிட்டாக அகலமாக்குகிறது. ஒரே கோரைப் பல நிரல்கள் முறைவைத்துப் பகிர்கின்றன. முறை மாறும்போது ஒருவரின் ரெஜிஸ்டர் மதிப்புகளை எடுத்து வைத்து, அடுத்தவருடையதை ஏற்றுவது இயங்குதளத்தின் வேலை. மேல்பாதி 128 பிட் இருப்பதே அதற்குத் தெரியாவிட்டால், ஒரு நிரலின் கணக்கில் இன்னொன்றின் எண்கள் கலந்துவிடும். அதனால்தான் "இந்த ரெஜிஸ்டர்களையும் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று கெர்னல் ஒரு பிட்டை இயக்கிச் சொல்லும்வரை, ஏவிஎக்ஸ் கட்டளை வந்தால் ப்ராசசர் பிழை என்று நிறுத்திவிடுகிறது. நல்ல ஏற்பாடு. தவறான விடையைவிட நின்றுபோவது மேல்.

சரி, இந்த ஒப்புதலை யார் தருகிறார்கள்?

விண்டோஸ் 7-இன் முதல் வெளியீடு தராது. 2011 பிப்ரவரியில் வந்த சர்வீஸ் பேக் 1 தரும். பழைய டிவிடியிலிருந்து விண்டோஸ் 7-ஐ மீண்டும் நிறுவுகிறவர், ஃபார்மேட் போட்டதாலேயே இருந்த ஏவிஎக்ஸையும் இழக்கிறார்! விண்டோஸ் 10 எந்தக் கேள்வியும் இல்லாமல் தருகிறது. என் கணினியில் பழைய நிறுவலே எட்டு த்ரெட்டையும் ஏவிஎக்ஸையும் முதல் பூட்டிலேயே எடுத்துக்கொண்டது. ஆனால் விண்டோஸில் பழைய அமைப்புகள் ஒட்டிக்கொண்டிருக்கும் இடங்கள் உண்டு. எம்எஸ்கான்ஃபிக் என்ற அமைப்புக் கருவியில் பூட் வேகமாகும் என்று நம்பி எப்போதோ ப்ராசசர் எண்ணிக்கையில் 2 என்று டிக் போட்டிருந்தால், எட்டு வந்த பிறகும் இரண்டுதான் வேலை செய்யும். பூட் அமைப்புகளை மாற்றும் பிசிடிஎடிட்டில், ரெஜிஸ்டர்களைச் சேமிக்கும் எக்ஸ்சேவ் வசதியை யாராவது அணைத்திருந்தால் ஏவிஎக்ஸும் காணாமல் போகும். இந்த இரண்டையும் பார்க்காமல் ஃபார்மேட் பக்கம் போகவே கூடாது. அப்புறம், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் ஷட் டவுன் என்பது முழு ஷட் டவுன் அல்ல, கெர்னலின் நிலை டிஸ்க்கில் சேமிக்கப்படுகிறது. கேபினெட்டைத் திறக்கும் முன் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள்.

லினக்ஸில் இந்தப் பாடெல்லாம் குறைவு. கெர்னல் ஒவ்வொரு பூட்டிலும் சிப்பைப் புதிதாக விசாரிக்கிறது. ஏவிஎக்ஸுக்கான ஆதரவு 2009-இல் வந்த 2.6.30-லேயே இருக்கிறது, அதாவது ஏவிஎக்ஸ் உள்ள முதல் சிப் கடைக்கு வருவதற்கு முன்பே. சரிபார்ப்பதும் எளிது: எல்எஸ்சிபியு கட்டளையின் ஃபிளாக்ஸ் வரியில் ஏவிஎக்ஸ் இருந்தால், சிப்பிடம் வசதி இருக்கிறது, கெர்னலும் ஒப்புக்கொண்டிருக்கிறது என்று இரண்டும் ஒரே இடத்தில் தெரிந்துவிடும். சி நூலகமான ஜிலிப்சியும் நினைவகத்தை நகலெடுப்பது போன்ற வேலைகளுக்குச் சிப்புக்கேற்ற வடிவத்தை ஓடும்போதே தேர்ந்தெடுக்கிறது. பூட் வரியில் எக்ஸ்சேவை அணைக்கும் நோஎக்ஸ்சேவ், ப்ராசசர் எண்ணிக்கையைக் குறைக்கும் மேக்ஸ்சிபியுஸ் என்று யாரும் எழுதி வைக்கவில்லை என்பதை மட்டும் பாருங்கள்.

ஒரு எல்லையையும் சொல்லிவிட வேண்டும். ஐ7-3770-இல் ஏவிஎக்ஸ்2 இல்லை, அது 2013-இன் ஹாஸ்வெல்லில்தான் வந்தது. அதைக் கேட்கும் ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 10 இந்தக் கணினியில் ஓடாது. விண்டோஸ் 11-இன் அதிகாரப்பூர்வப் பட்டியலிலும் இந்தச் சிப் இல்லை. விண்டோஸ் 10-இன் பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. வசதியை அடையாளம் காண்பதில் விண்டோஸ் 10-உம் லினக்ஸும் சமம்தான் என்றாலும், இந்தக் கணினிக்கு நான் டெபியன் லினக்ஸைத்தான் வைத்திருக்கிறேன்.

உண்மையான சிக்கல் விர்ச்சுவல் மெஷினில்தான், அதாவது கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினியில்தான் வந்தது. ஹோஸ்டில் (அதை ஓட்டும் நிஜக் கணினியில்) ஏவிஎக்ஸ் இருக்கிறது, உள்ளே மோங்கோடிபி "சட்டவிரோதக் கட்டளை" என்று விழுகிறது. விர்ச்சுவல் மெஷினை ஓட்டும் மென்பொருளான கியூஎமுவின் இயல்பான ப்ராசசர் மாதிரி, எந்தச் சிப்பிலும் ஓட வேண்டும் என்பதற்காக ஏவிஎக்ஸைக் காட்டுவதே இல்லை. கியூஎமுவைப் பயன்படுத்தும் பிராக்ஸ்மாக்ஸ் 8 தரும் இயல்பு மாதிரியில் ஏஇஎஸ் உண்டு, ஏவிஎக்ஸ் கிடையாது. உள்ளே இருக்கும் இயங்குதளத்தை எத்தனை முறை மாற்றி நிறுவினாலும் பயனில்லை, அதற்குக் காட்டப்படும் சிப்பே வேறு. மாதிரியை "ஹோஸ்ட்" என்று மாற்றினால் வந்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும் மெஷினை வேறு வகைச் சிப் உள்ள சர்வருக்கு நிறுத்தாமல் நகர்த்த முடியாமல் போகலாம் என்பது அதன் விலை. வீட்டில் ஒரே பெட்டி வைத்திருப்பவருக்கு அது பொருட்டல்ல. மாற்றியபின் உள்ளே ரீபூட் கொடுத்தால் போதாது, மெஷினை முழுதாக நிறுத்தி மறுபடி தொடங்க வேண்டும். இது தெரியாமல் ஒரு மாலை முழுவதும் போனது எனக்கு.

பயாஸ் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் மதர்போர்டு மென்பொருள்) விஷயம் ஒன்று. ஐ7-3770, ஐவி பிரிட்ஜ் தலைமுறைச் சிப்; எச்61 பலகை ஐவி பிரிட்ஜுக்கு முந்தைய பயாஸில் இருந்தால் திரையே வராது. பழைய பென்டியம் உள்ளே இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிடுங்கள்.