காந்த ஒயிட்போர்டு செய்யக் காந்த பெயிண்ட் வேண்டாம், பழைய வாஷிங் மெஷின் தகடு போதும்

காந்தமும் ஒட்ட வேண்டும், மார்க்கரில் எழுதி அழிக்கவும் வேண்டும், செலவும் கம்மியாக இருக்க வேண்டும் என்று ஒரு பலகை செய்யக் கிளம்பினால் கண்ணில் படுவது காந்த பெயிண்ட், ஒயிட்போர்டு பெயிண்ட், ஸ்டிக்கர் ஷீட், ஜிஐ தகடு (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு), கண்ணாடி என்று ஒரு பெரிய வரிசை. எல்லாவற்றையும் பயன்படுத்திப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். முதல் இடம் கழித்துப் போட்ட வாஷிங் மெஷினின் பக்கவாட்டுத் தகட்டுக்கு. கடைசி இடம் காந்த பெயிண்டுக்கு. நடுவில் இருப்பவற்றுக்கும் அதனதன் இடம் உண்டு.

இந்தப் பலகைக்கு இரண்டு வேலை. ஒன்று காந்தத்தைப் பிடித்துக்கொள்வது, இன்னொன்று மையை விட்டுவிடுவது. முதல் வேலையைச் செய்வது உள்ளே இருக்கும் இரும்பு, இரண்டாவதைச் செய்வது மேல்பூச்சு. வாஷிங் மெஷினின் வெளி உடம்பு இரும்புத் தகட்டில் பெயிண்ட் பூசிச் சூட்டில் இறுக்கியது, ஈரமும் சோப்பும் படும் என்று தெரிந்தே செய்த வழவழப்பான பூச்சு அது. அதனால் இரண்டு வேலையும் ஏற்கெனவே முடிந்த நிலையில் தகடு கைக்கு வருகிறது, நாம் செய்ய வேண்டியது கழற்றி, விளிம்பைச் சரிசெய்து, மாட்டுவது மட்டும்தான். முன்பக்கம் கதவு வைத்த மெஷின்கள் பெரும்பாலும் 85 செ.மீ. உயரம் இருக்கும், ஆக மேஜைக்கு மேலே மாட்ட நல்ல அளவில் ஒரு பலகை கிடைத்துவிடும். சில மெஷின்களில் மூன்று பக்கமும் ஒரே தகடாக மடித்திருப்பார்கள், அப்போது வெட்டித்தான் எடுக்க வேண்டும். மேலிருந்து துணி போடும் வகையில் உடம்பே பிளாஸ்டிக்காக இருப்பதும் உண்டு, அது இதற்கு உதவாது.

பழைய பொருள் எதுவானாலும் எடுப்பதற்கு முன்னால் ஒரு சின்னக் காந்தத்தையும் ஒரு ஒயிட்போர்டு மார்க்கரையும் கையோடு கொண்டு போங்கள். காந்தம் வைத்துப் பார்ப்பது எல்லாருக்கும் தோன்றும், மார்க்கர் சோதனையைத்தான் விட்டுவிடுவார்கள். ஓரத்தில் நாலு கோடு போட்டு, முடிந்தால் ஒரு ராத்திரி அப்படியே விட்டு, காய்ந்த துணியால் துடையுங்கள். சுத்தமாக வந்தால் சரி, நிழல் மாதிரி கறை தங்கினால் அந்தத் தகட்டில் நேராக எழுத முடியாது. காரணம் எளிமையானது. இந்த மார்க்கர் மையில் நிறத்தூள், சீக்கிரம் ஆவியாகும் ஆல்கஹால், அப்புறம் பரப்போடு ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் எண்ணெய்த்தன்மையுள்ள ஒரு பொருள் இருக்கும். பரப்பு வழவழப்பாக இருந்தால் காய்ந்த தூள் மேலேயே உட்கார்ந்திருக்கும், சொரசொரப்பாக இருந்தால் குழிகளுக்குள் இறங்கிவிடும். ஆபீஸ் இரும்பு பீரோக்களின் பக்கத் தகடு பெரிதாகவும் உறுதியாகவும் இருந்தும் பல இடங்களில் தோற்பது இதனால்தான், அதன் பவுடர் கோட்டிங் (பொடியாகத் தூவிச் சூட்டில் உருக்கிய பூச்சு) பொடிப்பொடியாகப் புடைத்திருக்கும். அதன் மேல் ஸ்டிக்கர் ஷீட் ஒட்டலாம் என்றாலும் புடைப்பு அடியிலிருந்து தெரியும்.

ஃப்ரிட்ஜின் பக்கத் தகடும் எழுதி அழிக்க அருமையானது. ஆனால் அதை நீங்களே வெட்ட இறங்காதீர்கள். பல மாடல்களில் குளிரூட்டும் வாயு ஓடும் குழாய் பக்கத் தகட்டின் உள்பக்கத்திலேயே ஒட்டியிருக்கும், இப்போது நிறைய ஃப்ரிட்ஜ்களில் இருக்கும் ஆர்600ஏ வாயு என்பது ஐசோபியூட்டேன், தீப்பிடிக்கக் கூடியது. முறையாக வாயுவை எடுத்துப் பிரித்தவர்களிடமிருந்து வெறும் தகடாகக் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், பின்னால் ஒட்டியிருக்கும் ஃபோமைச் சுரண்டி எடுப்பது மட்டும் பொறுமையான வேலை. மைக்ரோவேவ் அடுப்பின் மூடித் தகட்டையும் சிலர் சொல்வார்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் அளவு மின்சாரம் தங்கியிருக்கலாம், ஒரு தகட்டுக்காக அந்தப் பக்கமே போக வேண்டாம். கம்ப்யூட்டர் கேபினட்டின் பக்கக் கதவு சின்னது, ஆனால் மேஜையில் சாய்த்து வைக்கப் போதும். காற்றுத் துளை இல்லாததாகப் பாருங்கள்.

பழைய தகடு எதுவும் கிடைக்காதவர்களுக்கு அடுத்த வழி ஜிஐ ஷீட், மேலே ஒயிட்போர்டு ஸ்டிக்கர். இதற்கு இரண்டாவது இடம் கொடுக்கிறேன். துத்தநாகப் பூச்சு மிக மெல்லியது, காந்தத்தைத் தடுக்காது. தடிமனைக் கேஜ் எண்ணில் சொல்வார்கள், எண் கூடினால் தகடு மெலியும்: 26 கேஜ் என்றால் சுமார் 0.55 மி.மீ., 28 கேஜ் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கீழே. 30 கேஜ் வேண்டாம், காகிதம் மாதிரி அலையும். அரை மில்லிமீட்டர் இரும்பு ஒரு சதுர மீட்டருக்கு 4 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும், எடை ஒரு பிரச்சினையே இல்லை. பிரச்சினை நெளிவு. பின்னால் பிளைவுட் வைத்து, பிளைவுட்டிலும் தகட்டின் பின்பக்கத்திலும் பசை தடவி, நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்திக்கொண்டே போனால்தான் சமமாக உட்காரும். அதற்கு முன் தகட்டின் மேல் இருக்கும் எண்ணெய்ப் படலத்தை நன்றாகத் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் பசை பிடிக்காது, ஸ்டிக்கரும் நிற்காது. ஸ்டிக்கரில் பிவிசி, பெட் (PET) என்று இரண்டு வகை பிளாஸ்டிக் பார்க்கலாம். பெட் கடினமானது, மையை நன்றாக விடும், நான் அதைத்தான் சொல்வேன். சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டி, தட்டையான பிளாஸ்டிக் அட்டையால் தள்ளிக்கொண்டே வந்தால் குமிழி வராது. ஸ்டிக்கர் இல்லாமல் வெறும் ஜிஐ மேலேயே எழுதலாமே என்று கேட்பவர்களுக்கு: எழுதலாம், ஆனால் கறை தங்கும், சாம்பல் நிறத்தில் எழுத்தும் எடுப்பாகத் தெரியாது.

பழைய பாத்திரத் தகடு, அலமாரிக் கதவு என்று எவர்சில்வரில் கை வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 304 என்று சொல்லும் வகையில் காந்தம் ஏறக்குறைய ஒட்டவே ஒட்டாது. 430 வகையில் நன்றாக ஒட்டும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், பையில் இருக்கும் காந்தம்தான் சொல்லும். அலுமினியத்தைப் பற்றிப் பேசவே தேவையில்லை.

இனி காந்த பெயிண்ட். பெயர்தான் காந்தம், உள்ளே இருப்பது இரும்புத்தூள். அந்தத் தூள் டப்பாவின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், விடாமல் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று கோட்டாவது அடிக்க வேண்டும், அப்போதும் சுவரில் இருக்கும் மொத்த இரும்பு ஒரு மெல்லிய தகட்டின் பக்கத்தில்கூட வராது, தூளுக்கு நடுவே பெயிண்டும் கலந்திருக்கிறதே. பரப்பு கருத்து, சொரசொரப்பாக இருக்கும், அதைத் தேய்த்து, மேலே வெள்ளை அடித்து, அதற்கும் மேலே ஒயிட்போர்டு பெயிண்ட் அடிக்க வேண்டும். இடைவெளி கூடக் கூடக் காந்தத்தின் பிடி வேகமாகக் குறையும், ஆக ஒவ்வொரு கோட்டும் ஏற்கெனவே பலவீனமான பிடியை இன்னும் தளர்த்துகிறது. இவ்வளவுக்கும் பிறகு பலமான காந்தம் ஒன்று ஓரிரண்டு காகிதத்தைத் தாங்கும், சாதாரண அலங்காரக் காந்தம் வழுக்கி விழும். வளைந்த சுவர், ஆணி அடிக்கவே முடியாத இடம் என்று கட்டாயம் இருந்தால் ஒழிய இதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

ஒயிட்போர்டு பெயிண்டை மட்டும் தனியாக, சமமான தகட்டின் மேல் அடித்தால் பரவாயில்லை. இரண்டு டப்பா கலந்து அடிக்கும் வகை உறுதியாக இருக்கும், கலந்த பிறகு நேரம் ஓடும், சீக்கிரம் முடிக்க வேண்டும், ஜன்னல் எல்லாம் திறந்திருக்க வேண்டும். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், ஆனால் டப்பாவில் போட்டிருக்கும் நாள் முழுக்க முடியும் வரை மார்க்கர் வைக்கக் கூடாது. ரோலர் விட்டுச் செல்லும் புள்ளிப்புள்ளியான மேடு பள்ளம்தான் இதன் குறை, அதிலும் மை தங்கும்.

எழுதி அழிப்பது ஒன்றை மட்டும் பார்த்தால் கண்ணாடியை எதுவும் மிஞ்சாது. பழைய மேஜைக் கண்ணாடி ஒன்றைத் தகட்டின் முன்னால் வைத்தால் எத்தனை வருடமானாலும் கறை படியாது. ஆனால் 4 மி.மீ. கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 10 கிலோ வரும், சுவரில் பிடிப்பு அதற்கேற்றபடி வேண்டும். டஃபன்ட் கண்ணாடி (சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்து உறுதியாக்கியது) என்றால் வெட்டவோ துளை போடவோ முடியாது, முயன்றால் மொத்தமும் பொடியாகிவிடும். சாதாரணக் காந்தமும் அந்தத் தடிமனைத் தாண்டிப் பிடிக்காது, நியோடிமியம் என்ற மிகப் பலமான வகைக் காந்தம்தான் வேண்டும்.

அந்தக் காந்தமும் பழைய பொருளிலேயே கிடைக்கும். வேலை செய்யாத ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தால், தட்டை வாசிக்கும் கையை நகர்த்துகிற பகுதியில் பலமான நியோடிமியம் காந்தம் இருக்கும், இரும்புத் தகட்டோடு ஒட்டியபடியே. தோலைக் கிள்ளிவிடும், கவனமாகப் பிரியுங்கள். ஃப்ரிட்ஜ் கதவின் ரப்பர் ஓரத்துக்குள் நீளமாக ஒரு வளையும் காந்தப் பட்டை ஓடும், கத்தரிக்கோலால் வெட்டி பெயர் அட்டைகளுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளலாம், கண்ணாடி வைக்காத தகட்டுக்கு அது தாராளம். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் குண்டுமணி அளவு நியோடிமியம் காந்தங்களைப் பலகையில் வைக்கவே வைக்காதீர்கள். இரண்டை விழுங்கிவிட்டால் குடலை இடையில் வைத்து ஒன்றையொன்று இழுத்துக் கிழித்துவிடும், இது ஆபரேஷன் வரை போகும் விஷயம்.

வெட்டும்போது கையுறை கட்டாயம். தகரக் கத்தரியே போதும், கிரைண்டர் போட்டால் விளிம்போரப் பூச்சு கருகி அங்கிருந்து துரு ஏறும். வெட்டிய விளிம்பை அரத்தால் ராவி, பிளாஸ்டிக் பீடிங்கோ (ஓரத்தை மூடும் பட்டை) மரச் சட்டமோ போடுங்கள், பூச்சில்லாத இரும்பு தெரிகிற இடத்தில் கொஞ்சம் பெயிண்ட் தொட்டுவையுங்கள். துடைப்பதற்கு மைக்ரோஃபைபர் துணி, பிடிவாதக் கறைக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். தேய்க்கும் நாரும் பொடியும் வேண்டாம், அவை போடும் கீறல்களில்தான் அடுத்த கறை உட்காரும். யாராவது பெர்மனன்ட் மார்க்கரில் எழுதிவிட்டால் அதன் மேலேயே ஒயிட்போர்டு மார்க்கரால் கோடு போட்டு, ஈரம் காய்வதற்குள் துடையுங்கள், பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே வந்துவிடும்.