அக்சஸில் பில் அனுப்பும் மென்பொருள் செய்யச் சொல்கிறவர்கள் கவனத்துக்கு

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரம் செய்கிறோம். கடைகளின் முகவரி, எடை, செய்கூலி, 3 சதவீத ஜிஎஸ்டி என்று எல்லாக் கணக்கும் மைக்ரோசாஃப்ட் அக்சஸ் என்ற தரவு சேமிக்கும் மென்பொருளில் இருக்கிறது. பில்லை பிடிஎஃப் ஆக்கி அந்தந்தக் கடைக்கு மின்னஞ்சலில் அனுப்பவும், பாக்கிக் கடிதங்களை வேர்டில் தயாரிக்கவும் ஒரே பொத்தான் போதும் என்றார், ஐந்து ரோடு பக்கம் அலுவலகம் வைத்திருக்கும் ஒருவர். செய்தும் கொடுத்தார். நன்றாகவே ஓடியது, மார்ச் 31 வரை.

ஏப்ரல் பிறந்ததும் "உரிமம் முடிந்துவிட்டது" என்று ஒரு பெட்டி வந்து நின்றது. கேட்டால், "வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும் அண்ணே" என்கிறார். விலை பேசியபோது இந்தப் பேச்சே எழவில்லை. கணினியின் தேதியைப் பின்னுக்குத் தள்ளினால் திறக்கத்தான் செய்கிறது. ஆனால் பில்லிலும் பழைய தேதி விழும். முடிந்துபோன நிதியாண்டின் தேதியில் பில் போட்டுவிட்டு ஆடிட்டர் முகத்தில் எப்படி விழிப்பது?

வேறு ஆளை வைத்துத் திருத்தலாம் என்று பார்த்தபோதுதான் அவருடைய சாமர்த்தியம் தெரிந்தது. எங்களுக்குக் கொடுத்தது ஏசிசிடிஇ கோப்பு. அக்சஸ் கோப்பை இப்படி மாற்றினால், எழுதிய நிரல் வரிகள் நீக்கப்பட்டு இயங்கும் வடிவம் மட்டுமே மிஞ்சும். படிவத்தையோ அறிக்கையையோ யாராலும் திருத்த முடியாது. மூலமான ஏசிசிடிபி கோப்பு அவரிடமே இருக்கிறது. கேட்டால் அதற்குத் தனி விலை சொல்கிறார், அதுவும் முதலில் வாங்கியதைவிடக் கூடுதலாக!

இதைவிட எரிச்சலூட்டியது மின்னஞ்சல் விவகாரம். பில்கள் எங்கள் ஜிமெயிலிலிருந்து போகவில்லை, அவர் கணக்கிலிருந்து போயிருக்கின்றன. எந்தக் கடைக்கு எத்தனை கிலோ, என்ன செய்கூலி என்ற விவரமெல்லாம் அவருடைய 'அனுப்பியவை' பகுதியில் உட்கார்ந்திருக்கிறது. ஒரே தெருவில் போட்டி போடும் தொழிலில் இது என்ன விளையாட்டு? "கூகுள் தடுத்துவிட்டது அண்ணே, அதனால்தான்" என்றார். பாதி உண்மை. வெறும் கடவுச்சொல்லை வைத்து வெளி மென்பொருள் நுழைவதை கூகுள் 2022 மே மாத இறுதியில் நிறுத்தியது. ஆனால் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கினால், நம் கணக்கிலேயே மென்பொருளுக்கென்று 16 எழுத்துக் கடவுச்சொல் பெறலாம். அந்த மறுபாதியை அவர் விழுங்கிவிட்டார்.

தரவு தப்பியது. ஏசிசிடிஇ கோப்பில் நிரல்தான் பூட்டப்படுகிறது, அட்டவணைகள் அல்ல. புதிய வெற்று அக்சஸ் கோப்பைத் திறந்து, அட்டவணைகளை அதற்குள் இறக்கிக்கொண்டோம். படிவம், பில் வடிவம், அனுப்பும் நிரல் மூன்றையும் வேறொரு பெண் புதிதாக எழுதித் தருகிறார். இந்த முறை மின்னஞ்சல் கணக்கு எங்களுடையது, மூலக் கோப்பும் எங்கள் கணினியில்.

பழைய ஆள் இப்போது ஜவ்வரிசி ஆலைக்காரர்களிடம் இதே மென்பொருளைக் காட்டி ஆர்டர் பிடிக்கிறாராம். அவர் கொண்டுவரும் கோப்பைத் திறந்து, ஆல்ட் விசையோடு எஃப் 11 விசையை அழுத்துங்கள். நிரல் எழுதும் சாளரம் திறக்கும்; இடப்பக்கப் பட்டியலில் உள்ள பெயர்களை இருமுறை சொடுக்கிப் பாருங்கள். நிரல் வரிகள் கண்ணில் படாவிட்டாலோ, கடவுச்சொல் கேட்டாலோ, மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.