பிலத்துக்குள் யானை: சங்கீத நொடிகளோடு ஐந்து வருடம்

"பிலத்துக்குள்ளே யானை நிக்குது. விடியக்காலமை பாடும். எந்த ராகம்?"

2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டு, யாழ்ப்பாணத்து இணுவிலில் ஒருவரும் படலையைத் தாண்ட முடியாமல் இருந்த நாளில் இது என் கைபேசிக்கு வந்தது. பிலம் என்றால் குகை, கரி என்றால் யானை. பிலகரி! அந்தப் பெயர் உண்மையில் அப்படிப் பிறந்ததல்ல, இது வெறும் சொல் விளையாட்டு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சின்ன வயதிலிருந்து பாடிவந்த ராகத்தின் பெயருக்குள் இத்தனை காலமும் ஒரு யானை நின்றிருக்கிறதே என்று அன்று முழுக்கச் சந்தோசமாகத் திரிந்தேன்.

அன்று தொடங்கியது. ஐந்து வருடமாக ஞாயிறு இரவு 8 மணிக்கு வாட்ஸ்அப்பில் கூடுகிறோம், 15 பேரளவில். யாழ்ப்பாணத்தில் ஆறேழு பேர், மற்றவர்கள் சென்னை, இலண்டன், ரொறொன்ரோ. எங்களுக்கு இரவு, ரொறொன்ரோ அக்காவுக்குக் கோடையில் காலை பத்தரை மணி. விடுகதையை எங்கள் பக்கம் நொடி என்போம், அதனால் "நொடிக்கு வாறீங்களோ?" என்பதுதான் அழைப்பு. இப்படி ஒன்றைத் தொடங்க விரும்புகிறவர்களுக்காக, எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை என்று எழுதிவைக்கிறேன்.

முதல் வருடம் கடபயாதி நொடிகளிலேயே போனது. எழுத்துக்கு எழுத்து ஒரு இலக்கம் கொடுக்கிற முறை அது. மேளகர்த்தா எனப்படும் 72 தாய் ராகங்களுக்கும் பெயரின் முதல் இரண்டு எழுத்திலேயே இலக்கம் ஒளிந்திருக்கும். மாயாமாளவகௌளையில் மா 5, யா 1, புரட்டினால் 15. சங்கராபரணத்துக்கு முன்னால் 'தீர' வந்ததும், கல்யாணிக்கு முன்னால் 'மேச' வந்ததும் 29, 65 என்ற இலக்கங்களுக்காகத்தான். கேட்க அழகாக இருக்கும். ஆனால் தமிழ் எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு போனால் வழி தவறிவிடும். கனகாங்கி முதலாம் மேளம், கானமூர்த்தி மூன்றாம் மேளம். இரண்டும் தமிழில் ககரத்தில் தொடங்கி னகரத்துக்குப் போகின்றன. வடமொழியில் நான்கு ககரம், எங்களுக்கு ஒன்று. தானரூபி 6, தேனுகா 9. அங்கேயும் ஒரே தகரம். "எழுத்தைப் பார்க்காதையுங்கோ, ஒலியைக் கேளுங்கோ" என்று சென்னை மாமா சொல்லுவார். சொல்லின் முதலில் வரும் ககரத்தை எல்லாம் ஒரே மாதிரி வல்லினமாகவே உச்சரித்துப் பழகிய எங்கள் நாக்குக்கு அதுவும் கைகொடுக்கவில்லை. கடைசியில் அட்டவணையை மனப்பாடம் செய்தோம். மனப்பாடம் வந்த அன்றே நொடியின் உயிர் போய்விட்டது. இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு மட்டும் அதை வைத்திருக்கிறோம்.

என் மனதுக்கு மிக நெருக்கமானவை சுர எழுத்து நொடிகள். ச ரி க ம ப த நி என்ற ஏழை மட்டும் வைத்துச் சொல் கட்ட வேண்டும். குறில் நெடிலாகலாம், வேறு உயிர் ஏறக்கூடாது. 'சாதகமா பாதகமா' என்று ஒரு முழு வாக்கியமே சுரமாக நிற்கிறது, பாருங்கள். 'மதகரி' ஒரு சொல். நான் கட்டியதில் எனக்குப் பிடித்தது இது: "யானையும் குதிரையும் மழையும் இறங்கித்தான் வரும், ஏறமாட்டா. ஏன்?" கரி, பரி, மாரி. காந்தாரம் (க), பஞ்சமம் (ப), மத்திமம் (ம) எதிலிருந்து வந்தாலும் ரிஷபத்துக்கு (ரி) இறங்கத்தான் வேண்டும். இதைக் கட்ட எனக்கு மூன்று நாள் எடுத்தது. நல்லூர்த் திருவிழாக் கூட்டத்தில் நடக்கும்போதும் கரி, பரி என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனேன்.

ஊர்த்தமிழ் குறுக்கே வருகிற இடங்கள் தனிச் சுவை. சென்னையிலிருந்து ஒரு முறை, "காலமே எழும்பினதும் குடிக்கிற ராகம் எது?" என்று வந்தது. யாழ்ப்பாணத்து ஆட்கள் ஒருவருக்கும் பிடிபடவில்லை. விடை காபி. நாங்கள் குடிப்பது கோப்பி! இன்னொன்று, "ஏழு பேரில் கடைசி மூன்று பேர் பனையிலிருந்து இறங்கினவை." ப, த, நி, பதநி. பனங்காட்டின் நடுவில் இருந்துகொண்டு நாங்கள் தோற்றோம், ஏனென்றால் அதை இங்கே கருப்பநீர் என்போம், பேச்சில் கருப்பணி. பதிலுக்கு நாங்கள் எங்கள் சொல்லில் நொடி போட, அவர்கள் திணறினார்கள். ஒரே மொழிக்குள் இவ்வளவு தூரம் இருக்கிறதென்று வேறு எந்த வழியிலும் நான் இத்தனை அன்பாக அறிந்திருக்க முடியாது.

சொல் விளையாட்டைப் பெரியவர்களும் செய்திருக்கிறார்கள். முத்துசுவாமி தீட்சிதர் தன் கிருதிகளுக்குள் ராகத்தின் பெயரை ஒளித்து வைப்பார். 'மீனாக்ஷி மே முதம்' கிருதியில் வருகிற 'தசகமகக்ரியே' என்ற சொல், வீணையில் பத்து வகைக் கமகங்களோடு, அதாவது சுர அசைவுகளோடு, வாசிப்பவளே என்று அம்மனை அழைக்கிறது. அதற்குள்ளேயே கமகக்ரியா என்ற ராகப்பெயர் உட்கார்ந்திருக்கிறது. ஒரு மாதம் முழுக்க இப்படி முத்திரை தேடினோம். அந்த மாதத்தில் விளங்கிய அளவுக்குப் பாட்டின் சாகித்தியம், வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைகளுக்குப் படித்த காலத்தில்கூட எனக்கு விளங்கவில்லை.

தாளக் கணக்கும் உண்டு. தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி பிறந்த ஊரில் இருந்துகொண்டு அதைத் தவிர்க்க முடியுமோ? எங்களில் ஒரு அண்ணை தவில் வாசிப்பவர். "ததிங்கிணதொம் மூன்று தரம், நடுவில் இரண்டிரண்டு மாத்திரை கார்வை. ஆதி தாளத்தின் ஒரு ஆவர்த்தனத்துக்குள் முடிந்து சமம் விழவேணும். எங்கே தொடங்குவீர்கள்?" கார்வை என்றால் இடைவெளி, ஆவர்த்தனம் தாளத்தின் ஒரு சுற்று, சமம் சுற்றின் தொடக்கம். ஐந்து, இரண்டு, ஐந்து, இரண்டு, ஐந்து, 19. ஆவர்த்தனம் எட்டு அட்சரம், அட்சரத்துக்கு நான்காக 32 மாத்திரை, மிச்சம் 13. மூன்று அட்சரமும் ஒரு மாத்திரையும் விட்டுத் தொடங்க வேண்டும். எழுதிப் பார்க்க இலகு, கையில் போட்டுப் பார்க்கத்தான் கஷ்டம்.

குறைகள் இல்லாமலில்லை. காணொளி அழைப்பில் சேர்ந்து பாடலாம் என்று நினைத்தோம். ஒரு செயலி எங்கள் தம்புராவை இரைச்சல் என்று எண்ணி அழித்துவிட்டது. ஒலி பிந்தி வருவதால் தாளமும் சேராது. அதனால் ஒலிப்பதிவு அனுப்புவதோடு நின்றோம். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தபோது சில ஞாயிறுகள் அப்படியே போயின. அதைவிட வருத்தம், நொடி போட்ட அரை நிமிடத்தில் இணையத்தில் தேடி விடையைப் போடுகிறவர்கள். மருதனார்மடத்தில் நுண்கலை படிக்கிற தங்கச்சி ஒருத்தி, "யோசிக்க விடுறீங்கள் இல்லை அக்கா" என்று சொல்லிவிட்டு இரண்டு மாதம் வராமல் இருந்தாள். அவள் சொன்னது முழுக்க நியாயம்.

அதற்குப் பிறகு இரண்டு விதி வைத்தோம். 15 நிமிடம் வரை ஒருவரும் விடை சொல்லக்கூடாது. விடை சொல்கிறவர் அந்த ராகத்தில் ஒரு அடி பாடி அனுப்ப வேண்டும். இந்த இரண்டாவது விதிதான் எங்களைக் காப்பாற்றியது என்பேன். தேடி எடுத்த விடையைப் பாட முடியாது. அந்தத் தங்கச்சி திரும்பி வந்த அன்று போட்ட நொடி: "ஒரு வீடு, ஐந்து பேர். வாசலை மாற்றினால் வீட்டின் பெயர் மாறும்." மோகனம், ஐந்தே சுரம். அதன் ரிஷபத்தை ஆதார சட்ஜமாக (ச) எடுத்தால் மத்தியமாவதி, காந்தாரத்தை எடுத்தால் இந்தோளம், பஞ்சமத்தில் சுத்தசாவேரி, தைவதத்தில் சுத்ததன்யாசி. ஐந்து வாசலையும் ஐந்து பேர் பாடி அனுப்பினோம். அன்றைய பதிவுகளை நான் இன்னும் அழிக்கவில்லை.

விதிக்கு ஒரு வால் தானாக முளைத்தது. விடை சரியென்றால், நொடி போட்டவர் 'ச, ரி' என்ற இரண்டு சுரத்தையும் அந்த விடையின் ராகத்திலேயே பாடி 'சரி' சொல்லுவார். மாயாமாளவகௌளையின் 'சரி' வேறு, மோகனத்தின் 'சரி' வேறு. ரிஷபத்தின் வேறுபாடு என் காதில் நின்றது இந்தச் சின்னச் சொல்லால்தான்.

போன ஆவணியில் ரொறொன்ரோ அக்கா ஒரு நொடி போட்டா. ஊரை விட்டுப் போய் முப்பது வருடத்துக்கு மேல். "நாங்கள் எல்லாரும் விட்டிட்டு வந்தது. சுவாமி வெளிக்கிடேக்கை கம்பீரமா முன்னுக்குப் போகும்." தவில் அண்ணை விடையை எழுத்தில் போடவில்லை. சுவாமி புறப்படும்போது வாசிக்கிற மல்லாரி ஒன்றைக் கோயிலில் பதிந்து வைத்திருந்தார், அதை அனுப்பினார். கம்பீரநாட்டை.

அக்காவின் 'சரி'க்காகக் காத்திருந்தோம். கம்பீரநாட்டையில் ரிஷபம் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு பதிவு வந்தது. சட்ஜத்தை மட்டும் மூச்சு முடியும்வரை பிடித்திருந்தா.