பிரிஸ்பேன் ஆற்றோரத்தில் வீடு வாங்க பையர்ஸ் ஏஜென்ட்: கட்டணத்துக்கு என்ன கிடைக்கிறது?

கிரேஸ்வில், செல்மர், ஃபேர்ஃபீல்ட், யெரோங்கா போன்ற பிரிஸ்பேனின் ஆற்றோர சபர்ப்களில் வீடு தேடுகிறவர்கள் பையர்ஸ் ஏஜென்ட் வைத்துக்கொள்வது இப்போது சாதாரணமாகிவிட்டது. வீட்டை விற்றுத் தரும் ஏஜென்ட் விற்பவரின் ஆள். பையர்ஸ் ஏஜென்ட் நம்மிடம் பணம் வாங்கி, வாங்குபவரான நமக்காக வேலை செய்பவர். கட்டணம் பெரும்பாலும் விலையில் 1.5 முதல் 3 சதவீதம், இல்லையென்றால் பேசி முடித்த ஒரே தொகை. அதன் மேல் 10 சதவீதம் ஜி.எஸ்.டி. 12 லட்சம் டாலர் வீட்டுக்கு 2 சதவீதம் என்றால் வரியோடு 26,400 டாலர். விலையைக் குறைத்துக் கொடுப்பார் என்று எண்ணி இந்தப் பணத்தைக் கொடுத்தால் ஏமாற்றமே மிஞ்சும். எந்த வீட்டை வாங்கக் கூடாது என்று காரணத்தோடு சொல்லித் தடுப்பதற்குத்தான் இந்தப் பணம். குடியேறிச் சில மழைக்காலங்களைப் பார்த்த பிறகு இது இன்னும் நன்றாக விளங்குகிறது.

இங்கே முதல் காரணம் வெள்ளம். பெரிய வெள்ளங்களில் ஆற்றின் நீர்மட்டம் நகர மைய அளவுகோலில் 1974-இல் 5.45 மீட்டர், 2011-இல் 4.46, 2022-இல் 3.85 வரை ஏறியது. இந்த எண்களைக் காட்டி, “இந்த மனை 8 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பயமே இல்லை” என்று சொல்லும் ஏஜென்டை அந்த இடத்திலேயே விட்டுவிடலாம். அவை நகர மையத்துக்கு மட்டும் பொருந்தும் எண்கள். ஆறு சரிந்து ஓடுவதால், மேற்பகுதியில் உள்ள கிரேஸ்வில், ஷெர்வுட் பக்கம் அதே வெள்ளத்தின் மட்டம் மீட்டர் கணக்கில் கூடுதலாக இருக்கும்.

பார்க்க வேண்டியது பிரிஸ்பேன் நகர மன்றம் இலவசமாகத் தரும் ஃப்ளட்வைஸ் அறிக்கை. முகவரியைக் கொடுத்தால் மனையின் தாழ்ந்த, உயர்ந்த தரைமட்டங்களும் வெள்ள மட்டங்களும் வரும். எல்லாம் ஏ.எச்.டி. அளவில், அதாவது ஏறக்குறைய சராசரிக் கடல்மட்டத்திலிருந்து அளந்தவை. ஆனால் இப்போது நிற்கும் வீட்டின் தளம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது தனிக் கணக்கு. தூண்மேல் நிற்கும் குயின்ஸ்லாண்டர் மரவீடுகளுக்கு உயிரே அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. உதாரணத்துக்கு, தரைமட்டம் 8.1 மீட்டர், எந்த ஆண்டிலும் வர 1 சதவீத வாய்ப்புள்ள வெள்ளத்தின் மட்டம் 9.7 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 1.4 மீட்டர் தூணில் நிற்கும் வீட்டின் தளம் 9.5; தண்ணீர் 20 சென்டிமீட்டர் உள்ளே வரும். பக்கத்திலேயே 2.6 மீட்டர் தூணில் நிற்கும் வீட்டின் தளம் 10.7, ஒரு மீட்டர் மிச்சம். தெருவும் மண்ணும் ஒன்றுதான், ஆனால் சொத்து வேறு. நல்ல ஏஜென்ட் இந்தக் கழித்தலை ஒவ்வொரு வீட்டுக்கும் எழுதித் தருவார். இடைவெளி அரை மீட்டருக்குள் இருந்தால் சர்வேயரை வைத்துத் தளமட்டத்தை அளக்கச் சொல்வார்.

“2011-லேயே இங்கே தண்ணீர் வரவில்லை” என்பது அரைப் பதில். அந்த ஆண்டு வந்தது முக்கியமாக ஆற்று வெள்ளம். 2022-இல் நாள்கணக்கில் கொட்டிய மழையில் ஓடைகளும் தெருவோட்ட நீரும் (வடிய வழியில்லாமல் தரைமேல் ஓடும் மழைநீர்) பல இடங்களில் ஆற்றை முந்திக்கொண்டன. ஆறு, ஓடை, தெருவோட்டம் மூன்றையும் தனித்தனியே கேட்க வேண்டும். ஆக்ஸ்லி ஓடையை ஒட்டிய இடங்களில் ஆறு ஏறும்போது ஓடைநீர் வடிய முடியாமல் பின்னோக்கித் தேங்கி நிரம்பும். இன்னொன்று மழைநீர்க் குழாய்: ஆறு கரையைத் தாண்டாமலே, குழாய் வழியாக எதிர்த்து வந்து தெருச் சாக்கடை வாயில் பொங்கும். 2011-க்குப் பிறகு நகர மன்றம் சில இடங்களில் எதிரோட்டத் தடுப்பு வால்வுகளைப் பொருத்தியது. நம் தெருவுக்கு அது உண்டா, எந்த ரோடு முதலில் முழுகும், வீடு நனையாவிட்டாலும் வெளியே போக வழி இருக்குமா என்றும் கேட்டு வைக்க வேண்டும்.

விற்பவரே சொல்லட்டும் என்று காத்திருக்க முடியாது. 2025 ஆகஸ்ட் 1 முதல், பிரிஸ்பேன் இருக்கும் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் விற்பவர் ஃபார்ம் 2 என்ற வெளிப்படுத்தல் அறிக்கை தர வேண்டும். அதில் வெள்ள வரலாறு சேராது. அதனால் ஏஜென்ட் வெள்ளம் பற்றிய கேள்விகளை விற்பவர் தரப்பிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்க வேண்டும்.

வீட்டுக்குக் கீழே அவர் எவ்வளவு நேரம் செலவிடுகிறார் என்று கவனியுங்கள். ஆளை எடைபோட இதைவிட நல்ல இடம் இல்லை. மேலே பளபளக்கும் சமையலறையைவிடக் கீழே இருக்கும் விஷயங்கள் அதிகம் பேசும். தூண்களில் சேற்றுக்கோடு, சுவரில் இடுப்புயரம் வரை மட்டும் புதிய ஷீட், உயரத்தில் ஏற்றிய பிளக் பாயின்ட்கள், சுவர் பிராக்கெட்டில் தூக்கி மாட்டிய ஏசி வெளியலகு, இவையெல்லாம் முந்தைய வெள்ளத்தின் தடயங்களாக இருக்கலாம். பழைய ஹார்ட்வுட் தரை நனைந்தாலும் நன்றாகக் காயவைத்தால் பிழைக்கும். துகள்பலகை அலமாரி ஊதி உதிரும். பலகைச் சுவரின் இடுக்கில் தங்கிய வண்டல் பிறகு வாடை அடிக்கும். கீழ்த்தளத்தை “இரண்டு கூடுதல் படுக்கையறை” என்று விளம்பரம் செய்திருந்தால் டேப் எடுத்து அளக்க வேண்டும். உட்கூரை உயரம் 2.4 மீட்டர் இல்லையென்றாலோ, கட்டட ஒப்புதல் இல்லையென்றாலோ, அது சாமான் வைக்கும் இடம்தான். படுக்கையறைக்கான விலையைக் கொடுக்கக் கூடாது.

விலைக் கணிப்பில்தான் பல ஏஜென்ட்கள் சறுக்குகிறார்கள். குயின்ஸ்லாந்தில் ஏலத்துக்கு வரும் வீட்டுக்கு விற்பனை ஏஜென்ட் விலை வழிகாட்டி தரக் கூடாது என்பதால், அண்மையில் விற்ற வீடுகளோடு ஒப்பிடுவது நம் ஆளின் வேலை. அந்தப் பட்டியலில் ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரே வெள்ள நிலை குறித்திருக்க வேண்டும். மேட்டில் விற்ற வீட்டின் விலையைப் பள்ளத்து வீட்டுக்குப் பொருத்தினால் கட்டணத்தைப் போலப் பலமடங்கு நஷ்டம். ஏலத்தில் கூலிங் ஆஃப், அதாவது கையெழுத்திட்ட பிறகு மனம் மாறி விலகும் அவகாசம், கிடையாது. கட்டடம், கரையான் சோதனைகள், கடன் எல்லாம் முன்னதாகவே முடிந்திருக்க வேண்டும். ஏலமில்லாமல் தனிப்பேச்சில் வாங்கினால் 5 வேலைநாள் அவகாசம் உண்டு. அதற்குள் விலகினால் விற்பவர் விலையில் 0.25 சதவீதம் வரை பிடித்துக்கொள்ளலாம்; 12 லட்சத்துக்கு அது 3,000 டாலர். “ஆஃப் மார்க்கெட்” வீடு, அதாவது விளம்பரத்துக்கு வராத வீடு, காட்டுகிறேன் என்ற பேச்சுக்கு மயங்க வேண்டாம். வேறு யாரும் ஏலம் கேட்காத வீடு மலிவாகத்தான் இருக்கும் என்பதில்லை.

பையர்ஸ் ஏஜென்டோடு போடும் ஒப்பந்தம் ஃபார்ம் 6-இல் எழுதப்படும். கையெழுத்துக்கு முன் நியாய வர்த்தக அலுவலகத்தின் பொதுப் பதிவேட்டில் உரிமத்தைத் தேடிப் பாருங்கள். கட்டணம் ஒரே தொகையாக இருப்பது நல்லது. சதவீதம் என்றால் விலை ஏற ஏற அவருக்குத்தான் லாபம். முன்பணம் எவ்வளவு, வீடு அமையாவிட்டால் அது திரும்புமா, கடன் புரோக்கரிடமிருந்தோ கட்டடச் சோதகரிடமிருந்தோ பில்டரிடமிருந்தோ அவருக்குப் பணம் வருகிறதா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். கிழக்கு வாசல் வேண்டும், ஸ்டேஷனுக்கு நடந்து போகும் தூரம் வேண்டும் என்பதெல்லாம் தேவைப் பட்டியலில் முதல் நாளே ஏறிவிட வேண்டும். ஆற்றோரத்தில் தாழ்ந்த மனைகளைக் கழித்தாலே பட்டியல் பாதியாகச் சுருங்கும். பிறகு நிபந்தனை சேர்த்தால் ஏஜென்டும் சோர்ந்துபோவார்.

ஏற்கெனவே அந்தப் பகுதியில் குடியிருந்து 2022-ஐக் கண்ணால் பார்த்தவர்களுக்கும், அறிக்கை படித்துத் தாங்களே கணக்குப் போடத் தெரிந்தவர்களுக்கும் முழுச் சேவை தேவையில்லை. மதிப்பீடும் ஏலம் கேட்பதும் மட்டும் சிறு கட்டணத்தில் செய்து தருபவர்கள் இருக்கிறார்கள், அது போதும்.

காப்பீட்டைப் பெரும்பாலான ஏஜென்ட்கள் நம் தலையிலேயே விட்டுவிடுகிறார்கள். சரியான முகவரியைக் கொடுத்து, வெள்ளக் காப்போடு, குறைந்தது மூன்று நிறுவனங்களில் பிரீமியம் கேளுங்கள். அவர்களின் அபாயக் கணக்கு நகர மன்ற வரைபடத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்பதில்லை, அதனால் தொகைகளுக்கு இடையே பெரிய வித்தியாசம் வரும். தளம் உயரத்தில் இருந்தால் அந்த அளவைச் சொல்லிக் கேளுங்கள். கையெழுத்திடும் முன்பே இதை முடிக்க வேண்டும். ஆர்.இ.ஐ.கியூ. என்ற குயின்ஸ்லாந்து ரியல் எஸ்டேட் அமைப்பின் வழக்கமான வீட்டு ஒப்பந்தப்படி, ஒப்பந்தத் தேதிக்கு அடுத்த வேலைநாள் மாலை 5 மணியிலிருந்தே வீட்டுக்குச் சேதம் வரும் அபாயம் வாங்குபவருடையது. சாவி கைக்கு வரும்வரை அது காத்திருக்காது.